ஜன்னல்களை எண்ணிப் பின்னும் சால்வை

தமிழில் சால்வை என்றாலே மேடையும் மைக்கும் கைத்தட்டலும்தான் முதலில் கண்ணில் வரும். போர்த்தி, படம் எடுத்து, வீட்டுக்கு வந்ததும் மடித்து அலமாரியின் மேல்தட்டில் வைத்துவிடுவோம். இந்தக் கட்டுரை அந்தச் சால்வையைப் பற்றியது அல்ல. ஏசி பேருந்திலும், மார்கழி விடியலிலும், ஊட்டியிலும் டொராண்டோவிலும் தோளில் கிடக்க வேண்டிய குரோஷே சால்வை இது. ஒரு கொக்கி ஊசி, 200 கிராம் நூல், 40 வரிசை உடல், 3 வரிசைக் கரை. முடித்து விரித்தால் ஏறக்குறைய 150 செ.மீ. அகலமும், நடுவில் 75 செ.மீ. சொச்சம் ஆழமும் உள்ள முக்கோணம்.

குரோஷே பழகத் தொடங்கியவர்கள் பெரும்பாலும் நீளச் சதுரச் சால்வையைத்தான் முதலில் எடுப்பார்கள். பார்க்க எளிது. ஆனால் அதற்கு எடுத்த எடுப்பிலேயே 150, 200 சங்கிலி (ஊசியிலுள்ள கண்ணிக்குள் நூலை இழுத்து ஒன்றன்பின் ஒன்றாகப் போடும் அடித்தையல்) போட வேண்டும். புதிய கை போடும் சங்கிலி இறுக்கமாகத்தான் இருக்கும். மேலே வரிசைகள் தளர்வாக வர, அடி மட்டும் சுருங்கி, துணி கூடை போல வளையும். 180 சங்கிலியில் இரண்டு தவறியது மூன்றாவது வரிசையில்தான் தெரியவரும். முக்கோணச் சால்வை 4 சங்கிலியில் தொடங்குகிறது. முதல் வரிசை ஒரு நிமிட வேலை, பிடிக்காவிட்டால் பிரித்துவிட்டு மறுபடி போடலாம். கை பழகப் பழகத்தான் வரிசையும் நீளும்.

இது லேஸ் சால்வை, ஆகவே லேஸ் என்ற சொல்லையும் சற்றுப் பிரித்துக்கொள்ள வேண்டும். நாகர்கோவில் வட்டாரத்தில் 19ஆம் நூற்றாண்டில் மிஷனரிகள் வழியாக வந்தது தலையணை மேல் ஊசி குத்தி, மரக்கட்டைகளில் நூல் சுற்றிப் பின்னும் லேஸ். அது வேறு கலை. 2024-ல் புவிசார் குறியீடு பெற்ற ஆந்திரத்தின் நரசாபுரம் லேஸ்தான் குரோஷேவுக்குச் சொந்தம்: மெல்லிய பருத்தி நூல், மெல்லிய எஃகு ஊசி, கொக்கி வேலை. நம் சால்வை அந்தக் குடும்பத்தின் பருமனான தங்கை. கொக்கி வேலை அதேதான், நூலும் ஊசியும் மட்டும் தடிமன்.

எதுவானாலும், லேஸில் கண்ணுக்குப் படுவது நூல் அல்ல, நூல் இல்லாத இடம். இங்கே அந்த இடத்தை ஜன்னல் என்று சொல்வோம். இந்தச் சால்வையில் ஊசி நுழைவது எப்போதும் ஜன்னலுக்குள்தான். தையலின் தலையைத் தேடி உற்றுப் பார்க்கும் வேலை கரை வரும்வரை இல்லை, வரிசையின் கடைசித் தையல் ஒன்றைத் தவிர. புள்ளிக் கோலம் போட்டவர்களுக்கு இது உடனே பிடிபடும். புள்ளி சரியாக இருந்தால் கோடு தானாக வந்து சேரும்.

நூல்

கடையில் டி.கே. என்று எழுதியிருக்கும் நடுத்தரப் பருமன் நூல் வேண்டும். 100 கிராமுக்கு 200 முதல் 250 மீட்டர் வரை வரும் நூல். லேபிளில் பிளை என்று போட்டிருப்பதை மட்டும் நம்பாதீர்கள். எத்தனை இழை முறுக்கியிருக்கிறது என்பதைத்தான் அது சொல்லும், அந்த இழை எவ்வளவு தடி என்பதைச் சொல்லாது. கிராமையும் மீட்டரையும் சேர்த்துப் பார்ப்பதுதான் நம்பகமான கணக்கு. உடலுக்கு 250 மீட்டரும் கரைக்கும் மேல் ஓரத்துக்கும் 70 மீட்டரும் பிடிக்கும். தளர்வாகப் பின்னுகிறவர்களுக்கு இன்னும் கொஞ்சம். 200 கிராம் வாங்கினால் பயமில்லை. எல்லா உருண்டைகளிலும் லாட் எண் (ஒரே தடவையில் சாயம் ஏற்றிய தொகுதியின் எண்) ஒன்றாக இருக்கிறதா என்று கடையிலேயே பார்த்துவிடுங்கள். ஒரே நிறப் பெயர், வேறு லாட் என்றால் பகல் வெளிச்சத்தில் சால்வையின் நடுவே ஒரு கோடு தெரியும்.

முதல் சால்வைக்கு அக்ரிலிக் நூல் தாராளமாகப் போதும். விலை குறைவு, எத்தனை முறை பிரித்தாலும் தாங்கும். ஆனால் ஈரத்தில் நனைத்து நீட்டினால் காய்ந்ததும் பழைய நிலைக்கே போய்விடும், அதற்கு நீராவி வேண்டும். கம்பளி நூல்தான் லேஸுக்கு உத்தமம். நனைத்து இழுத்துக் காயவைத்த வடிவத்தை அப்படியே பிடித்துக்கொள்ளும். சென்னை வெயிலுக்குப் பருத்தி நல்லது, ஆங்கர் நிட்டிங் காட்டன் போன்றவை எளிதில் கிடைக்கும். ஆனால் பருத்திக்கு மீள்திறன் இல்லை, எடையும் அதிகம். தோளில் போட்ட சில நாளில் முனை கீழே இறங்கும். பருத்தியில் பின்னுகிறவர்கள் 40 வரிசைக்குப் பதில் 36-இல் நிறுத்துவது நல்லது.

நிறம் உங்கள் விருப்பம், இரண்டு எச்சரிக்கைகளோடு. கறுப்பும் கருநீலமும் இரவு விளக்கில் ஜன்னலை மறைத்துவிடும். முடி முடியாக நிற்கும் மொஹேர் வகை நூலைப் பிரிக்கவே முடியாது, இழைகள் ஒன்றோடொன்று கவ்விக்கொள்ளும். நொடிக்கு நொடி நிறம் மாறும் பலவண்ண நூலையும் தள்ளிவைக்கச் சொல்வேன். கண் நிறத்தின் பின்னால் ஓடும், ஜன்னல் அடிபட்டுப்போகும்.

ஊசி

5 மி.மீ. ஊசி. அமெரிக்க அளவில் எச்-8 என்று போட்டிருக்கும். இந்த நூலின் லேபிள் வழக்கமாக 4 மி.மீ.தான் சொல்லும். 1 மி.மீ. பெரிய ஊசி எடுப்பது வேண்டுமென்றே செய்வது. 4 மி.மீ.இல் பின்னினால் தையல்கள் நெருங்கி, துணி ஸ்வெட்டர் போல விறைப்பாக நிற்கும், சரிந்து விழாது. புதியவர்கள் “நான் பின்னினால் லேஸ் மாதிரியே வரவில்லை” என்று சொல்வதற்குப் பாதிக் காரணம் சின்ன ஊசிதான். ஃபேன்சி ஸ்டோரில் பொட்டலமாகக் கிடைக்கும் மெல்லிய எஃகு ஊசிகள் தையல்நூல் போன்ற மெல்லிய நூலுக்கானவை. இதற்கு உதவாது.

இவை தவிர, முனை மழுங்கிய உல்லன் ஊசி, கத்தரி, டேப், நான்கைந்து சேஃப்டி பின். சமையலறையில் கிராம் காட்டும் தராசு இருந்தால் அதுவும் வேண்டும். எதற்கென்று கரைக்கு வரும்போது சொல்கிறேன்.

நான்கு தையல்

இந்த முழுச் சால்வைக்கும் நான்கே தையல்கள்: சங்கிலி, ஸ்லிப் (நுழைத்து இழுத்த நூலை ஊசியிலுள்ள கண்ணி வழியாகவும் அப்படியே இழுப்பது), சிங்கிள் (சுற்றாமல் நுழைத்து இழுத்து, ஊசியிலுள்ள இரண்டு கண்ணி வழியாகவும் ஒரே இழுப்பு), டபுள். பெயர்கள் அமெரிக்க முறைப்படி. இதில் ஒரு கண்ணிவெடி இருக்கிறது. அமெரிக்கர்கள் டபுள் என்று சொல்வது பிரிட்டிஷ் முறையில் டிரெபிள். அமெரிக்கச் சிங்கிள்தான் பிரிட்டிஷ் டபுள். பழைய பிரிட்டிஷ் தையல் புத்தகத்தை வைத்துக்கொண்டு அமெரிக்க வீடியோவைப் பார்த்தால் குழப்பம் நிச்சயம். அடையாளம் எளிது: ஒரு குறிப்பில் சிங்கிள் குரோஷே என்ற பெயர் வந்துவிட்டால் அது அமெரிக்க முறை. இன்றைய பிரிட்டிஷ் முறையில் அந்தப் பெயர் கிடையாது.

டபுள் போடுவது: ஊசியில் நூலை ஒரு சுற்று சுற்றுங்கள். ஜன்னலுக்குள் நுழைத்து நூலை இழுத்து வெளியே கொண்டுவாருங்கள். இப்போது ஊசியில் மூன்று கண்ணி. நூலை எடுத்து முதல் இரண்டின் வழியாக இழுங்கள், மறுபடி எடுத்து மிச்சமிருக்கும் இரண்டின் வழியாக இழுங்கள். முடிந்தது. இதில் பலர் கவனிக்காத ஒன்று உண்டு. ஜன்னலிலிருந்து முதலில் இழுக்கும் கண்ணியை எவ்வளவு உயர்த்துகிறீர்களோ அதுதான் அந்தத் தையலின் உயரத்தைத் தீர்மானிக்கிறது. சிலர் அதைச் சிக்கனமாக இழுப்பார்கள், சிலர் தாராளமாக உயர்த்துவார்கள். ஒரே நூல், ஒரே ஊசியில் இருவர் பின்னிய சால்வைகள் வேறு வேறு அளவில் வருவதற்கு இதுவே முதல் காரணம். எந்த உயரமானாலும் எல்லாத் தையலுக்கும் அதே உயரம் என்று கையைப் பழக்குங்கள்.

இடது கையில் நூல் ஓடும் விதம் பூ கட்டுவதற்கு நெருக்கமானது. இறுக்கிப் பிடித்தால் காம்பு அறும், விட்டால் பூ உதிரும். சுண்டுவிரலில் ஒரு சுற்று, ஆள்காட்டி விரலின் மேல் ஒரு ஓட்டம், அது போதும்.

உடல்

4 சங்கிலி போட்டு, முதல் சங்கிலியில் ஸ்லிப் போட்டு வளையமாக்குங்கள்.

வரிசை 1: 5 சங்கிலி. இதில் 3 ஒரு டபுளுக்குச் சமம், மீதி 2 ஓர ஜன்னல். வளையத்துக்குள் 2 டபுள், 3 சங்கிலி, 2 டபுள், 2 சங்கிலி, 1 டபுள். துணியைத் திருப்புங்கள்.

சேர்ந்து நிற்கும் 2 டபுளை ஒரு கொத்து என்போம். இப்போது கையில் இருப்பது: ஓர ஜன்னல், கொத்து, 3 சங்கிலியால் ஆன நடு ஜன்னல், கொத்து, ஓர ஜன்னல். நடு ஜன்னலில் உடனே ஒரு பின்னை மாட்டுங்கள்.

வரிசை 2: 5 சங்கிலி. முதல் ஓர ஜன்னலுக்குள் ஒரு கொத்து, 2 சங்கிலி. நடு ஜன்னலுக்குள் கொத்து, 3 சங்கிலி, கொத்து. 2 சங்கிலி. கடைசி ஓர ஜன்னலுக்குள் ஒரு கொத்து, 2 சங்கிலி. முந்திய வரிசையின் தொடக்கத்தில் போட்ட 5 சங்கிலியில் கீழிருந்து மூன்றாவதில் 1 டபுள். திருப்புங்கள். பின்னைப் புதிய நடு ஜன்னலுக்கு மாற்றுங்கள்.

வரிசை 3: 5 சங்கிலி. நடுவை எட்டும்வரை ஒவ்வொரு ஜன்னலுக்கும் ஒரு கொத்து, ஒவ்வொரு கொத்துக்குப் பின்னும் 2 சங்கிலி. நடு ஜன்னலில் கொத்து, 3 சங்கிலி, கொத்து. 2 சங்கிலி. மறுபடி ஜன்னலுக்கு ஒரு கொத்து, கொத்துக்குப் பின் 2 சங்கிலி. முடிவில் மூன்றாவது சங்கிலியில் 1 டபுள்.

4 முதல் 40 வரை மூன்றாவது வரிசையேதான்.

இந்த அமைப்பின் அழகு அதன் கணக்கில் இருக்கிறது. 7வது வரிசையில் நடுவுக்கு இந்தப் பக்கம் 7 கொத்து, அந்தப் பக்கம் 7 கொத்து. 23வது வரிசையில் 23, 23. வரிசை எண்ணும் கருவி வேண்டாம், காகிதத்தில் கோடு போட வேண்டாம். பாதியில் எழுந்து போய் மூன்று மாதம் கழித்து வந்தாலும், ஒரு பக்கத்துக் கொத்துகளை எண்ணினால் எந்த வரிசையில் நிற்கிறீர்கள் என்று சால்வையே சொல்லிவிடும். இரு பக்கமும் எண்ணிக்கை வேறுபட்டால் அந்த வரிசையிலோ அதற்கு முன்போ தவறு நடந்திருக்கிறது. 10வது வரிசை வரை ஒவ்வொரு வரிசையின் முடிவிலும் எண்ணுங்கள். பிறகு ஐந்துக்கு ஒரு முறை.

நடுவுக்கு இரு பக்கமும் உள்ள ஒவ்வொரு பாதியிலும் ஏன் வரிசைக்கு ஒரே ஒரு கொத்து கூடுகிறது? இது செங்கோண முக்கோணம், செங்கோணம் இருப்பது கீழ் முனையில். நடுக்கோட்டிலும் மேல் ஓரத்திலும் பின்னல் 45 பாகையில் சாய்கிறது. அதனால் ஒரு வரிசை ஏறினால் ஒவ்வொரு பாதியும் இரண்டு வரிசை உயரம் அளவுக்கு நீள வேண்டும். டபுளின் உயரம் கிட்டத்தட்ட இரண்டு தையல் அகலம், ஆக இரண்டு வரிசை உயரம் என்பது நான்கு தையல் அகலம். நம் கொத்தும் ஜன்னலும் சேர்ந்து 2 டபுள், 2 சங்கிலி, மொத்தம் நான்கு. கணக்கு பொருந்துவதால்தான் துணி தட்டையாகக் கிடக்கிறது.

உங்கள் கையில் அது பொருந்துகிறதா என்று பார்க்கத் தனியாக மாதிரித் துண்டு பின்ன வேண்டாம். 10 வரிசை முடிந்ததும் சால்வையே மாதிரி. மேசையில் வைத்து லேசாக இழுத்துத் தட்டுங்கள். மேல் ஓரம் 35 செ.மீ.க்குச் சற்று மேல், நடு ஆழம் 18 செ.மீ. பக்கம் இருந்தால் வரிசைக்கு 1.3 செ.மீ. வருகிறது என்று பொருள். கீழ் ஓரம் பாவாடைக் கரை போல அலை அலையாக நின்றால் தையல் குட்டை. அந்த முதல் கண்ணியை இன்னும் உயர்த்தி இழுங்கள். அதுவும் ஒத்துவராவிட்டால் கொத்துகளுக்கு இடையே 2-க்குப் பதில் 1 சங்கிலி போடுங்கள். நேர்மாறாக நடு உப்பி, துணி கிண்ணம் போலக் குவிந்தால் சங்கிலி இறுக்கம். சங்கிலியைத் தளர்த்துங்கள், அல்லது 3 ஆக்குங்கள். கொஞ்சம் கோணல் இருந்தால் கவலை வேண்டாம், கடைசியில் நீட்டிக் காயவைக்கும்போது சரியாகிவிடும்.

எங்கே கெடுகிறது

ஓரத்தில்தான். பத்துக்கு ஒன்பது தவறு வரிசையின் முதல் ஐந்து விநாடியிலும் கடைசி ஐந்து விநாடியிலும் நடக்கும்.

முதல் தவறு, 5 சங்கிலி போட்டுவிட்டு அதன் கீழேயே இருக்கும் ஓர ஜன்னலைத் தாண்டி அடுத்த ஜன்னலுக்குப் போய்விடுவது. திருப்பியவுடன் அந்த ஜன்னல் சங்கிலியின் நிழலில் ஒளிந்துகொள்ளும். இரண்டாவது, வரிசை முடிவில் 5 சங்கிலியால் ஆன கடைசி ஜன்னலை ஜன்னலாகவே பார்க்காமல் விட்டுவிடுவது. இரண்டிலும் அந்தப் பக்கம் ஒரு கொத்து குறையும், அந்தக் குறை இனி வரும் எல்லா வரிசைக்கும் தொடரும். கண்ணுக்குத் தெரிய எட்டுப் பத்து வரிசை ஆகும், அதற்குள் ஒரு சிறகு மற்றதைவிடக் குட்டையாகியிருக்கும். வரிசை முடிவில் டபுள் போட வேண்டிய மூன்றாவது சங்கிலியைத் தேடுவதே சிரமம் என்றால், 5 சங்கிலி போடும்போதே மூன்றாவதில் ஒரு சேஃப்டி பின் மாட்டிவையுங்கள். பத்து வரிசையில் கண் பழகிவிடும்.

நடுவைத் தொலைப்பது அடுத்தது. பின்னை மாற்ற மறந்து, பக்கத்து ஜன்னலை நடு என்று எண்ணி அதில் இரட்டைக் கொத்து போட்டால் நடுக்கோடு ஒரு பக்கமாக நகரும். முதுகின் நடுவே நேராக ஓட வேண்டிய கோடு வளைவது தூரத்திலிருந்தே தெரியும். நடு ஜன்னலுக்கு மட்டும் 3 சங்கிலி வைத்தது அதைப் பிரித்துக் காட்டத்தான்.

ஓரச் சங்கிலி இறுகுவது மெதுவான நோய். மேல் ஓரம் சுருங்கி, சிறகுகள் மேல் நோக்கி வளைந்து, சால்வை பூமராங் போல ஆகும். அப்படித் தெரிந்தால் தொடக்கத்தில் 5-க்குப் பதில் 6 சங்கிலி போட்டு, வரிசை முடிவில் நான்காவதில் டபுளைப் போடுங்கள்.

பிரிப்பதற்கு அஞ்ச வேண்டாம். இரட்டை ஊசிப் பின்னலில் ஒரு வரிசை முழுக்கக் கண்ணிகள் உயிரோடு நிற்கும், ஊசியை உருவினால் ஓடிப்போகும். குரோஷேயில் எப்போதும் ஒரே ஒரு கண்ணிதான் உயிரோடு இருக்கிறது. வேண்டிய இடம் வரை இழுத்து, அந்தக் கண்ணியில் ஊசியை விட்டால் தொடரலாம்.

ஆனால் எல்லாத் தவறுக்கும் பிரிக்க வேண்டியதில்லை. ஐந்து வரிசைக்குக் கீழே ஒரு கொத்தில் 2-க்குப் பதில் 3 டபுள் விழுந்திருந்தால் விட்டுவிடுங்கள். ஜன்னல் எண்ணிக்கை மாறவில்லை, யார் கண்ணிலும் படாது. ஒரு கொத்தே விட்டுப்போய் ஐந்து வரிசை ஏறிவிட்டது என்றால், இப்போதைய வரிசையில் அந்தப் பக்க ஓரத்துக்கு அருகே, இரண்டாவது அல்லது மூன்றாவது ஜன்னலுக்குள் கொத்து, 2 சங்கிலி, கொத்து என்று இரண்டு போட்டுக் கணக்கை நேர்செய்யலாம். நடுவுக்கு அருகே இதைச் செய்தால் மட்டும் பல்லிளிக்கும். அங்கே நடந்த தவறைப் பிரிப்பதே நல்லது.

புது உருண்டையை இணைக்க முடிச்சுப் போடாதீர்கள். ஜன்னல் நிறைந்த துணியில் முடிச்சு கடுகு போலத் தெரியும், ஒருநாள் ஜன்னல் வழியாக எட்டியும் பார்க்கும். ஒரு கொத்தின் இரண்டாவது டபுளில், ஊசியில் இரண்டு கண்ணி மிச்சமிருக்கும்போது பழைய நூலை விட்டுப் புது நூலை எடுத்து இழுங்கள். இரண்டு வால்களுக்கும் 15 செ.மீ. விட்டு, பிறகு உல்லன் ஊசியால் கொத்துகளின் உடலுக்குள் ஒரு திசையில் ஓட்டி, திரும்ப எதிர்த்திசையில் ஓட்டுங்கள். சங்கிலியின் மேல் ஓட்டினால் தடித்துத் தெரியும்.

இன்னொரு கணக்கும் மனதில் இருக்கட்டும். 20வது வரிசையில் பாதி முடிந்தது என்று தோன்றும். இல்லை. வரிசைகள் நீண்டுகொண்டே போவதால் உடலின் பாதி நூல் தீர்வது 28வது வரிசையில்தான். 40வது வரிசைக்கு மட்டும் 12 மீட்டருக்கு மேல் பிடிக்கும், எடையில் கிட்டத்தட்ட 6 கிராம். கடைசி வரிசைகள் அலுப்பூட்டுவது உங்கள் சோம்பலால் அல்ல.

கரை

சேலையைப் போலவே இங்கும் உடல் அடங்கி இருக்க, கரைதான் பேச வேண்டும். கரை இரண்டு சாய்வுப் பக்கங்களில் மட்டும் வரும்.

தொடங்குமுன் இரண்டு சோதனை. மிச்ச நூலைத் தராசில் வையுங்கள். 40 கிராமுக்குக் குறைந்தால் உடலில் இரண்டு வரிசை பிரித்துவிடுங்கள். கரையின் கடைசி விசிறிக்கு (ஒரே ஜன்னலுக்குள் விரியும் டபுள் கூட்டத்துக்கு) நூல் இல்லாமல் போவது போன்ற கொடுமை இந்தக் கலையில் வேறில்லை. இரண்டாவது, உடலின் வரிசை எண் இரட்டைப்படையாக இருக்க வேண்டும். 36, 38, 40, 44 எதுவானாலும் சரி. ஒற்றைப்படையில் நின்றால் நடு முனையில் விசிறி விழாது, இரு விசிறிகளுக்கு நடுவிலுள்ள பள்ளம்தான் விழும்.

கரை வரிசை 1, விசிறி: 1 சங்கிலி, முதல் டபுளின் தலையில் 1 சிங்கிள். ஓர ஜன்னலுக்குள் 7 டபுள், அடுத்த ஜன்னலுக்குள் 1 சிங்கிள், அடுத்ததில் 7 டபுள், அடுத்ததில் 1 சிங்கிள். இப்படியே போனால் நடுவுக்கு முந்திய ஜன்னலில் சிங்கிள் வரும். நடு ஜன்னலுக்குள் 9 டபுள். மறுபக்கம் சிங்கிளில் தொடங்கி அதேபோல் மாறி மாறி, கடைசி ஓர ஜன்னலில் 7 டபுள், மூன்றாவது சங்கிலியில் 1 சிங்கிள். பக்கத்துக்கு 20 சிறு விசிறி, நடுவில் ஒரு பெரிய விசிறி, மொத்தம் 41. ஒரு விசிறிக்கு இரண்டு ஜன்னல் அகலம், அதாவது எட்டுத் தையல் இடம். 7 டபுளும் 1 சிங்கிளும் சேர்ந்து எட்டு. அதனால்தான் 7. “இன்னும் பூரிப்பாக இருக்கட்டும்” என்று 9 போட்டால் கரை முழுக்க ஃப்ரில் வைத்தது போலச் சுருளும்.

கரை வரிசை 2, கம்பி ஜன்னல்: திருப்பி, 1 சங்கிலி, முதல் சிங்கிளின் மேல் 1 சிங்கிள். 1 சங்கிலி. விசிறியின் முதல் டபுளை விட்டுவிட்டு, நடு ஐந்து டபுள்களின் தலையில் ஒவ்வொன்றாக 1 டபுள், ஒவ்வொன்றுக்குப் பின்னும் 1 சங்கிலி. ஏழாவதை விட்டுவிட்டு, பள்ளத்துச் சிங்கிளின் மேல் 1 சிங்கிள். நடுப் பெரிய விசிறியில் நடு ஏழு டபுள்களின் மேல் இதையே செய்யுங்கள். இங்கே தையலின் தலையில் ஊசி நுழைய வேண்டும், மேலே தெரியும் இரண்டு இழைகளுக்கும் அடியில். ஒரே இழையைப் பிடித்தால் அந்த இடம் காலப்போக்கில் தொய்யும். சிறு விசிறிக்கு 6 குட்டி ஜன்னல், பெரியதற்கு 8. எண்ணிவிட்டு நகருங்கள்.

கரை வரிசை 3, பிகாட்: திருப்பி, 1 சங்கிலி, முதல் சிங்கிளின் மேல் 1 சிங்கிள். விசிறியின் முதல் குட்டி ஜன்னலில் 1 சிங்கிள். அடுத்த நான்கிலும் ஒவ்வொன்றிலும் 1 சிங்கிளும் ஒரு பிகாட்டும். ஆறாவதில் 1 சிங்கிள் மட்டும். பள்ளத்துச் சிங்கிளின் மேல் ஸ்லிப். பெரிய விசிறியில் நடு ஆறு ஜன்னல்களுக்கும் பிகாட். வரிசையின் கடைசித் தையலில் மட்டும் ஸ்லிப்புக்குப் பதில் சிங்கிள். மொத்தம் 166 பிகாட் வரும்.

பிகாட் என்பது 3 சங்கிலி போட்டு, அது புறப்பட்ட சிங்கிளிலேயே ஸ்லிப் போட்டு முடிச்சு போல ஆக்குவது. ஸ்லிப்பைச் சங்கிலியின் முதல் கண்ணியில் போட்டால் பிகாட் ஒரு பக்கமாகச் சாய்ந்து தொங்கும். சிங்கிளின் தலையில் முன் இழையையும், அதன் கீழே இடதுபுறக் கால் இழையையும் சேர்த்து ஊசியில் எடுத்து ஸ்லிப் போடுங்கள். நேராக, முத்துப் போல உட்காரும். பிகாட்டுக்கு மட்டும் கையை இறுக்கலாம். இந்தச் சால்வையில் இறுக்கம் நன்மை செய்யும் ஒரே இடம் இதுதான். முதல் விசிறியின் நான்கு பிகாட்டும் கோணலாகத்தான் வரும், மூன்றாவது விசிறியில் கை கண்டுகொள்ளும். அப்போது திரும்பிப் போய் முதல் இரண்டையும் மறுபடி போட்டுவிட்டால் நல்லது, முனையில் இருப்பதால் கண்ணில் படும்.

மேல் ஓரம்

நூலை வெட்டாமல் மூலையைச் சுற்றி வந்து மேல் ஓரம் முழுக்க ஒரு வரிசை சிங்கிள் போடுங்கள். கழுத்தில் படும் ஓரம் இது. போடாவிட்டால் நாளடைவில் இழுபட்டு நெளியும். வழக்கமாக டபுள் வரிசையின் பக்க ஓரத்தில் வரிசைக்கு 2 சிங்கிள் போடச் சொல்வார்கள். அது நேர் ஓரத்துக்குப் பொருந்தும். இது சாய்வு ஓரம், சதுரத்தின் மூலைவிட்டம் போல, உயரத்தைவிட 1.4 மடங்கு நீளம். ஆகவே வரிசைக்கு 3 சிங்கிள். 2 போட்டவர்களின் சால்வை கயிறு கோத்த சுருக்குப்பை போல மேலே இறுகும். அதன் பழியை நூலின் மேல் போடுவார்கள்.

நீட்டிக் காயவைப்பது

பின்னி முடித்த சால்வை பார்க்கச் சுமாராகத்தான் இருக்கும். ஜன்னல்கள் பாதி மூடி, விசிறிகள் சுருண்டு, பிகாட்டுகள் பின்னால் மடிந்து கிடக்கும். லேஸ் ஆவது இனிமேல்தான்.

கம்பளியானால் வெதுவெதுப்பான தண்ணீரில் கம்பளிக்கான திரவ சோப்பு கொஞ்சம் கலந்து 20 நிமிடம் ஊறவிடுங்கள். கசக்கக் கூடாது. சூடும் கசக்கலும் சேர்ந்தால் கம்பளி சுருங்கி ஒட்டிக்கொள்ளும், ஜன்னல் இருந்த இடமே தெரியாது. அலசும் தண்ணீரும் அதே வெதுவெதுப்பில் இருக்கட்டும். முறுக்கிப் பிழியாமல் பெரிய துவாலையில் சுருட்டி மிதித்து ஈரத்தை எடுங்கள். பருத்திக்கும் இதேதான்.

விரிக்கக் கட்டில் மெத்தையின் மேல் போர்வை போதும், குழந்தைகளின் ஃபோம் பாய் இன்னும் வசதி. துருப்பிடிக்காத குண்டூசி வேண்டும், சாதாரண ஊசி ஓர் இரவில் பழுப்பு வட்டம் வைத்துவிடும், அது போகாது. முதலில் மேல் ஓரத்தின் நடு, பிறகு இரு சிறகு நுனி, பிறகு கீழ் முனை. டேப் வைத்து இரு பாதியும் சமமா என்று பாருங்கள். அடுத்து மேல் ஓரத்தைக் கைப்பிடி இடைவெளியில் குத்திக்கொண்டு போங்கள். கடைசியாக ஒவ்வொரு விசிறியையும் நடுவில் பிடித்து வெளியே இழுத்து ஓர் ஊசி, 41 விசிறிக்கு 41 ஊசி. கம்பளி பத்தில் ஒரு பங்கு வரை இழுவைக்கு இசையும். அதற்கு மேல் இழுத்தால் விசிறி முக்கோணமாகும்.

அக்ரிலிக்கானால் உலர்ந்த நிலையிலேயே இப்படிக் குத்தி, ஸ்டீம் இஸ்திரிப் பெட்டியை 3 செ.மீ. உயரத்தில் பிடித்து ஆவி மட்டும் காட்டுங்கள். பெட்டி துணியைத் தொட்டால் நூல் உருகிப் பளபளக்கும், தொய்ந்துபோகும். திரும்பக் கொண்டுவர வழியில்லை. ஃபோம் பாயும் சூடு தாங்காது, இதற்கு மெத்தையும் போர்வையும்தான். முதலில் ஒரு சிறகு நுனியில் சோதித்துப் பாருங்கள்.

மின்விசிறிக்கு அடியில் ஒரு நாள். மழைக்காலத்தில் இரண்டு நாள். தொட்டால் காய்ந்ததாகத் தோன்றினாலும் கொத்துகளுக்குள் ஈரம் நிற்கும், அவசரப்பட்டு ஊசிகளை எடுத்தால் விசிறிகள் மறுபடி சுருளும். உள்ளே ஓட்டிய வால்களை இதற்குப் பிறகு வெட்டுங்கள். நீட்டுவதற்கு முன்பே ஒட்ட வெட்டியிருந்தால், இழுத்த இழுவையில் நுனிகள் வெளியே வந்திருக்கும். ஹேங்கரில் தொங்கவிடாமல் பழைய வேட்டித் துணியில் மடித்து வையுங்கள்.